இமேஜின் பியானோ

இமேஜின் பியானோ என்பது ஆங்கிலேயப் பாடலாசிரியரும் பாடகருமான ஜான் லெனன் (1940–1980) பயன்படுத்திய ஸ்டைன்வே நிறுவனத்தின் நிமிர்ந்த பியானோ ஆகும். 1971 இல் வெளியான "இமேஜின்" பாடலுக்கு லெனன் இக்கருவியில் இசையமைத்ததால் இப்பெயர் ஏற்பட்டது. 2000 ஆம் ஆண்டு ஏலத்தில் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் இதனை 14.5 இலட்சம் பவுண்டுக்கு வாங்கினார். 2007 ஆம் ஆண்டை ஒட்டி, வன்முறை நிகழ்ந்த பல அமெரிக்க இடங்களுக்கு இது கொண்டுசெல்லப்பட்டது. 2020 இல் லெனனின் பிறந்த ஊரான லிவர்ப்பூலில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

கருவி

பியானோக்கள் பொதுவாக இரு வகைப்படும். கம்பிகள் தரைக்கு இணையாகக் கிடக்கும் பெரிய வகை கிராண்ட் பியானோ எனப்படும். கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை நிமிர்ந்த பியானோ எனப்படும். சுவரோரமாக வைக்கத்தக்கதும் குறைந்த இடத்தை அடைப்பதுமான இவ்வகை வீடுகளிலும் பள்ளிகளிலும் பரவலாகக் காணப்படுகிறது. கட்டையை அழுத்தும்போது கம்பளி பொதிந்த சிறு சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. கம்பியின் அதிர்வை ஒலிப்பலகை பெருக்கித் தருகிறது. இந்த அடிப்படை இரு வகைக்கும் பொதுவானது.

இமேஜின் பியானோ ஸ்டைன்வேயின் "இசட்" மாதிரியைச் சேர்ந்தது. வாதுமை மரத்தின் பழுப்பு நிறத் தோற்றமுடைய இது, அரங்கக் கச்சேரிகளுக்கென உருவாக்கப்பட்டதன்று, வீட்டுப் பயன்பாட்டுக்குரியது. மரப்பரப்பில் லெனனின் சிகரெட் பட்டுக் கருகிய தடங்கள் உள்ளன. பின்னாளைய உரிமையாளர்கள் அவற்றைத் தேய்த்து அகற்றவில்லை. வேறொரு பியானோவில் குறையாகக் கருதப்படக்கூடிய இத்தடங்கள், இக்கருவியில் அதன் வரலாற்றுக்குரிய சான்றாக மதிக்கப்படுகின்றன.

டிட்டன்ஹர்ஸ்ட் இல்லத்தில்

லெனனும் அவரது மனைவி யோகோ ஓனோவும் 1969 முதல் இங்கிலாந்தின் ஆஸ்கட் அருகே உள்ள டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் என்னும் மாளிகையில் வசித்தனர். பீட்டில்ஸ் குழு கலைந்த 1970 ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில் லெனன் இப்பியானோவை வாங்கினார். அம்மாளிகையிலேயே அவர் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றையும் அமைத்திருந்தார். 1971 மே மாதத்தில் "இமேஜின்" பாடல் அங்கு பதிவு செய்யப்பட்டது. அக்காலத்தில் எடுக்கப்பட்ட படக்காட்சிகளில் லெனன் இந்த நிமிர்ந்த பியானோவை வாசிப்பதைக் காணலாம்.

நாட்டு எல்லைகள், சமயப் பிரிவுகள், உடைமைப் பற்று ஆகியவை இல்லாத உலகைக் கற்பனை செய்யுமாறு கேட்பவரை அழைப்பதே இப்பாடலின் கருத்தாகும். யோகோ ஓனோ 1964 இல் வெளியிட்ட "கிரேப்ஃப்ரூட்" என்னும் நூலில் கற்பனை செய்யுமாறு பணிக்கும் சிறு குறிப்புகள் பல உண்டு. பாடலின் கருத்து அந்நூலிலிருந்து பிறந்தது என்றும், ஓனோவின் பெயரும் ஆசிரியராக இடம்பெற்றிருக்க வேண்டும் என்றும் லெனன் 1980 இல் அளித்த நேர்காணல் ஒன்றில் ஒப்புக்கொண்டார். 2017 இல் அமெரிக்காவின் தேசிய இசை வெளியீட்டாளர் சங்கம் அவரை இணை ஆசிரியராக ஏற்பதாக அறிவித்தது. எனவே இக்கருவியில் பிறந்த பாடல் ஒருவருடைய படைப்பு மட்டுமன்று என்பது குறிப்பிடத்தக்கது.

1971 இல் லெனனும் ஓனோவும் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தனர். டிட்டன்ஹர்ஸ்ட் மாளிகை 1973 இல் பீட்டில்ஸ் குழுவின் மேளக் கலைஞர் ரிங்கோ ஸ்டாருக்கு விற்கப்பட்டது. லெனன் 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் தமது இல்லத்தின் வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வெள்ளைப் பியானோ

இமேஜின் பியானோ எனக் கூறப்படும்போது பலரும் வெள்ளை நிறக் கிராண்ட் பியானோ ஒன்றையே நினைவுகூர்கின்றனர். பாடலுக்கான படத்தில், வெண்ணிற அறையில் லெனன் வெள்ளைப் பியானோவை வாசிக்க, ஓனோ சன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கும் காட்சி மிகவும் புகழ்பெற்றதே இதற்குக் காரணமாகும். அது வேறொரு கருவி. 1971 பிப்ரவரியில் ஓனோவின் பிறந்தநாளுக்கு லெனன் அளித்த பரிசு அது. தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் முதலில் அந்த வெள்ளைப் பியானோவிலேயே பாடலைப் பதிவு செய்ய எண்ணினார். அவ்வறையின் ஒலியமைப்பு பொருந்தாததால் பதிவு இல்லத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மாற்றப்பட்டது. வெள்ளைப் பியானோ பின்னர் நியூயார்க்கின் டகோட்டா கட்டடத்தில் இருந்த அவர்களது இல்லத்துக்குச் சென்றது. ஏலத்தில் விற்கப்பட்டது பழுப்பு நிற நிமிர்ந்த பியானோவே ஆகும்.

ஏலம்

லெனனுக்குப் பின் இப்பியானோ தனியார் சேகரிப்பாளர் ஒருவரிடம் இருந்தது. லிவர்ப்பூலில் உள்ள "பீட்டில்ஸ் ஸ்டோரி" அருங்காட்சியகத்திலும் இது காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. லெனனின் அறுபதாம் பிறந்தநாள் கடந்த சில நாட்களில், 2000 அக்டோபர் 17 அன்று, பிளீட்வுட்-ஓவன் நிறுவனம் இதனை இலண்டனில் ஏலத்தில் விட்டது. ஜார்ஜ் மைக்கேல் கேட்ட 14.5 இலட்சம் பவுண்டே வென்ற தொகை; ஏல நிறுவனத்தின் கட்டணத்தையும் சேர்த்தால் அது ஏறத்தாழ 16.7 இலட்சம் பவுண்டாகும்.

பியானோ இங்கிலாந்தை விட்டு வெளியேறிவிடக் கூடாது என்பதும், பெட்டகத்தில் முடங்கிவிடக் கூடாது என்பதும் மைக்கேலின் விருப்பங்களாக இருந்தன. அவர் அதனை வாசிக்கும் கருவியாகவே கருதினார். 2004 இல் வெளியான "பேஷன்ஸ்" என்னும் அவரது இசைத்தொகுப்பின் ஒலிப்பதிவில் இப்பியானோ பயன்படுத்தப்பட்டது.

சமாதானப் பயணம்

பின்னர் மைக்கேலும் அவரது அந்நாளைய துணைவர் கென்னி காஸும் பியானோவை அமெரிக்காவுக்கு அனுப்பினர். முதலில் டல்லாஸ் நகரில் காஸின் ஓவியக்கூடத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன்பின் வன்முறையால் உயிர்கள் பறிக்கப்பட்ட இடங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுசெல்லப்பட்டது. அவற்றுள் சில வருமாறு:

- டல்லாஸ், டீலி பிளாசா: 1963 இல் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட இடம்.
- மெம்பிஸ், லொரெய்ன் விடுதி: 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட இடம்.
- வாசிங்டன், ஃபோர்ட் நாடக அரங்கு: 1865 இல் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட இடம்.
- ஓக்லஹோமா நகரம்: 1995 இல் நடந்த குண்டுவெடிப்பில் 168 பேர் உயிரிழந்த இடம்.
- வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம்: 2007 ஏப்ரல் 16 அன்று 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட இடம்.

இவ்விடங்களில் கச்சேரி எதுவும் நடத்தப்படவில்லை. பியானோ திறந்தவெளியிலோ நினைவிடத்தின் அருகிலோ வைக்கப்பட்டது. வந்தவர்கள் அதனைத் தொடவும் வாசிக்கவும் அனுமதிக்கப்பட்டனர். துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான ஒருவரின் கருவி, அதே வகையில் பலர் மாண்ட இடங்களுக்குச் சென்றதே இப்பயணத்துக்குத் தனிப்பொருளை அளித்தது.

லிவர்ப்பூலில்

ஜார்ஜ் மைக்கேல் 2016 டிசம்பர் 25 அன்று காலமானார். அவரது சொத்துகளை நிருவகிப்போர் 2020 இல் பியானோவை லிவர்ப்பூலின் ஸ்ட்ராபெரி ஃபீல்டு மையத்துக்குக் கடனாக வழங்கினர். இரட்சணிய சேனை நடத்திவந்த சிறுவர் இல்லம் ஒன்று முன்னர் இங்கு இருந்தது. சிறுவனாக இருந்தபோது லெனன் அதன் தோட்டத்தில் விளையாடியதுண்டு. பீட்டில்ஸ் பாடல் ஒன்றுக்கும் இவ்விடத்தின் பெயர் அமைந்தது. 2005 இல் இல்லம் மூடப்பட்டது. 2019 இல் கண்காட்சியுடனும், கற்றல் குறைபாடுடைய இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சியுடனும் அது மீண்டும் திறக்கப்பட்டது.

மதிப்பும் பாதுகாப்பும்

வயலின் போன்ற கருவிகள் நூற்றாண்டுகள் கடந்தும் இசைக்கருவி என்ற அளவிலேயே மதிப்புயரக்கூடியவை. பியானோ அவ்வாறன்று. அதன் கம்பிகள் அனைத்தின் இழுவிசை சேர்ந்து பல டன்களுக்குச் சமமாகும். இதனை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகிறது. காலப்போக்கில் கம்பிகள் தளர்கின்றன. சுத்தியலின் கம்பளி இறுகுகிறது. காற்றின் ஈரப்பதம் மாறும்போது ஒலிப்பலகை விரிந்து சுருங்குகிறது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றும்போது மீண்டும் சுருதி கூட்ட வேண்டியிருக்கும். ஆகவே இமேஜின் பியானோவுக்குக் கொடுக்கப்பட்ட விலை அதன் ஓசைக்கானதன்று, அதன் வரலாற்றுக்கானதே ஆகும்.

இதனால் பாதுகாவலருக்கு ஓர் இக்கட்டு எழுகிறது. தேய்ந்த கம்பிகளையும் சுத்தியல்களையும் மாற்றினால் கருவி நன்கு ஒலிக்கும். ஆனால் லெனன் இயக்கிய பாகங்கள் அதில் இல்லாமற் போகும். எதையும் மாற்றாமல் விட்டால் பொருள் அப்படியே நிற்கும். இசை நாளடைவில் குன்றும். வாசிக்கத் தடை விதிப்பது தேய்மானத்தைக் குறைக்கும். ஆயினும் நெடுங்காலம் வாசிக்கப்படாத பியானோவின் உள்ளுறுப்புகளும் இறுகிப்போவதுண்டு. மைக்கேல் பயன்பாட்டின் பக்கம் நின்றார்.

ஒப்பிடத்தக்க கருவிகள்

குவீன் குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி 1975 இல் வாங்கிய யமாகா சிறிய கிராண்ட் பியானோவும் இத்தகையதே. "பொகீமியன் ராப்சொடி" பாடலை உருவாக்க அவர் அதனைப் பயன்படுத்தினார். 1991 இல் அவர் மறைந்தபின் அது அவரது நெருங்கிய தோழியான மேரி ஆஸ்டினிடம் இருந்தது. 2023 செப்டம்பரில் இலண்டனில் சோதபீஸ் நிறுவனத்தின் ஏலத்தில், கட்டணங்கள் உட்பட, ஏறத்தாழ 17.4 இலட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. 23 ஆண்டுகளுக்கு முன் இமேஜின் பியானோ பெற்ற தொகையைவிட இது சிறிதளவே அதிகம் என்பதிலிருந்து, 2000 ஆம் ஆண்டின் விலை அன்றைய நிலையில் எவ்வளவு உயர்ந்தது என்பதை உணரலாம்.