தொகுங்கண்ணே... தொகுங்க!

வில்லாபுரத்தில் எந்த டீக்கடையிலாவது காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். ஒருத்தர் ஒரு சேதி சொல்வார். ‘அட, அது அப்படி இல்லைண்ணே!’ என்று அடுத்தவர் திருத்துவார். மூன்றாமவர் பேப்பரைப் பிரித்துக் காட்டி இரண்டு பேர் வாயையும் அடைப்பார். தமிழ் விக்கிப்பீடியாவும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரே வித்தியாசம்... அங்கே பேப்பரைக் காட்டுகிறவர் கட்சிதான் ஜெயிக்கும்!

‘கலைக்களஞ்சியத்துல எழுத நான் என்ன பண்டிதரா சார்?’ என்று என் ஆபீஸ் நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் அது நியாயமான கேள்வி. பண்டிதர் சிங்காரவேலு முதலியார் பல வருஷம் பாடுபட்டுத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’யை 1910-ல் வெளியிட்டது நம்ம மதுரைத் தமிழ்ச் சங்கம்தான். இப்போது கதையே வேறு. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. ஆரம்பம் முதல் ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்த மயூரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், தொழிலோ கட்டடக்கலை!

சரி, விஷயத்துக்கு வருவோம். புதுசாக நுழைகிறவர்களுக்கு என் யோசனைகள்...

எடுத்த எடுப்பில் பெரிய கட்டுரையில் கை வைக்காதீர்கள். கணக்குத் தொடங்கக் காலணா செலவில்லை. தொடங்கியதும் ‘மணல்தொட்டி’ என்ற பக்கத்துக்குப் போய், ‘தொகு’ பொத்தானைத் தட்டி இஷ்டத்துக்கு எழுதிப் பழகுங்கள். பிறகு எழுத்துப்பிழை திருத்துங்கள். ல, ள, ழ தகராறு ஒன்றே ஆயுசுக்கும் போதும்!

சொந்தப் புராணம் கூடவே கூடாது. நண்பர் ஒருவர் தன் மாமனார் கடையை ‘மதுரையிலேயே தலைசிறந்த’ என்று வர்ணித்து ஒரு கட்டுரை போட்டார். சாயங்காலத்துக்குள் தூக்கிவிட்டார்கள். மாமனார் முறைத்ததுதான் மிச்சம்.

காப்பி அடிக்காதீர்கள். படித்ததை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். அடுத்தவர் எடுத்த படத்தைச் சுட்டுப் போடாதீர்கள். நீங்களே எங்க வில்லாபுரம் தெருவைப் படம் பிடித்தால் பேஷாகப் போடலாம்.

கடைசியாக, உயிர்நாடியான விஷயம்: ஆதாரம். எங்கள் ஏரியாவுக்குத் தண்ணீர் கேட்டுப் போராடிய மாநகராட்சி உறுப்பினர் லீலாவதி, 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். இங்குள்ள பெரியவர்களைக் கேளுங்கள்; இன்றைக்கும் தழுதழுக்கச் சொல்வார்கள். ஆனால் ஒருவர் சொல்லும் நேரம் இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போகாது. ‘எங்க அப்பா பார்த்தார்’ என்பது விக்கியில் செல்லாது. அன்றைய நாளிதழ், தீர்ப்பு பற்றிய செய்தி... எதிலிருந்து எடுத்தீர்களோ அதை வரிக்கு வரி மேற்கோளாகக் காட்ட வேண்டும். ‘வீராங்கனை’, ‘பாதகர்கள்’ என்று அடைமொழி போட்டால் அது சுவரொட்டி. தேதியையும் காரணத்தையும் மட்டும் சொல்லுங்கள். படிக்கிறவருக்குத் தானாக நெஞ்சு அடைக்கும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? கண்ணால் பார்த்த தலைமுறைக்கு வயசாகிறது. பழைய பேப்பரைத் தேடி நாம் எழுதாவிட்டால், குழாயில் தண்ணீர் பிடிக்கிற பிள்ளைக்கு அந்தப் பெயரே தெரியாமல் போகும்.

நீங்கள் எழுதியதை யாராவது மாற்றிவிட்டால் உடனே மல்லுக்கு நிற்காதீர்கள். எதுவும் தொலைந்து போகாது. ஒவ்வொரு மாற்றமும் பக்கத்தின் வரலாற்றில் பத்திரமாக இருக்கும். ‘உரையாடல்’ பக்கத்தில் ‘ஏன் மாற்றினீர்கள்?’ என்று பதவிசாகக் கேளுங்கள். ‘நான் யாரு தெரியுமா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். யாருக்கும் தெரியாது!

சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது, பாராட்டவும் ஆளில்லை. ‘ஆபீஸ்லயும் அதே கதைதானே சார்?’ என்கிறீர்களா? அப்புறம் என்ன தயக்கம்... ‘தொகு’வைத் தட்டுங்கள்!