பிள்ளைக்குக் காய்ச்சல்... லீவு போடுவது யார்?



வேலைக்குப் போகிற பெண்கள் எதற்கெல்லாம் லீவு போடுகிறார்கள் என்று ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். தன் தலைவலிக்கும் இடுப்பு வலிக்கும் லீவு போடுகிறவர்கள் கொஞ்சம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைக்கு அம்மை, பிள்ளைக்கு வாந்தி பேதி என்றே வருஷ லீவு கரைந்துவிடும். தனக்கு முடியாமல் போகும்போது கையில் ஒரு நாள்கூட மிச்சம் இருக்காது.

"அதான் பிரசவத்துக்கு லீவு தர்றாங்களே!" என்பார்கள். உண்மைதான். தனியார் இடங்களில் 2017ல் அது 26 வாரமாக உயர்ந்தது. தமிழக அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2021 ஜூலையில் 12 மாதமாக ஆனது. ஆனால், பிள்ளையைப் பெற்றதோடு தாயின் வேலை முடிந்துவிடுகிறதா? ஏழு வயதில் அது படுத்துவிட்டால், பக்கத்தில் உட்கார யார் லீவு தருகிறார்கள்?

நான் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் இருக்கிறேன். என் கணவருக்கு லேத் பட்டறையில் வேலை. 2023 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்துவிட்டது. நம் ஊரில் டெங்கு அதிகம் வருவதும் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். ஜவுளிக்கடையில் மூச்சு விட நேரமில்லாத சீசனும் அதே நேரம்தான்.

கடையில் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். "காய்ச்சல் உனக்கா, உன் பொண்ணுக்கா?" என்று கேட்டார். "சீசன் முடியட்டும்மா, எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றார். பிள்ளையின் காய்ச்சலுக்குத் தீபாவளி தெரியுமா? அதற்கு மேல் பேசவில்லை. ஒரு தாளில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேஜை மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான்கு நாள் 102, 103 என்று கொதித்த உடம்பு ஐந்தாம் நாள் காலையில் குளிர்ந்துவிட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டது. அன்றைக்கே கடையில் இருந்து போன். "காய்ச்சல்தான் விட்டுருச்சே, மத்தியானம் வந்துடு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுருவோம்" என்றார்கள்.

சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். டெங்குவில் காய்ச்சல் விட்டதும் ஆபத்து போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. காய்ச்சல் இறங்கும் நேரத்தை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரம்தான் ரொம்ப உஷாராக இருக்க வேண்டிய நேரம். ரத்தக் குழாயில் இருந்து நீர் கசிவதும், ரத்த அழுத்தம் இறங்குவதும் அப்போதுதான் நடக்கும். எங்கள் டாக்டர் முதல் நாளே, "காய்ச்சல் அடிக்கும்போது நான் பயப்பட மாட்டேன், விட்ட பிறகு ரெண்டு நாள்தான் எனக்குப் பயம்" என்று சொல்லியிருந்தார். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் ஜில்லிட்டுப் போவது, பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகாதது... இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் அவர் சொன்ன அளவில்தான். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கொடுத்தால் ரத்தக் கசிவு அதிகமாகலாம் என்று எச்சரித்தார்.

அதனால் நான் கடைக்குப் போகவில்லை. எத்தனை டம்ளர் கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் குடித்தாள், எத்தனை தடவை சிறுநீர் போனாள் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு "வயிறு வலிக்குதும்மா" என்றாள். அடுத்து மூன்று முறை வாந்தி. பாதத்தைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க" என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது. இப்போது நன்றாக ஓடியாடி விளையாடுகிறாள்.

ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க என் கணவர்தான் இருந்தார். அதற்காக அவர் பட்டறையில் இரண்டு நாள் லீவு கேட்டபோது, "ஏம்ப்பா, வீட்டுல பொண்டாட்டி இல்லையா?" என்று சிரித்தார்களாம். அம்மா லீவு கேட்டால் கோபம், அப்பா லீவு கேட்டால் கேலி. பிள்ளை மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவாம்!

திரும்பி வேலைக்குப் போனதும் எட்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் தொழிலாளர் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று 1947ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி, கடையில் வேலை பார்ப்பவருக்குத் தன் உடம்புக்கு முடியாமல் போனால் வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. அது தவிர, நியாயமான எந்தக் காரணத்துக்கும் 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு உண்டு. ஒரு வருஷம் வேலை பார்த்து முடித்தவருக்கு அதற்கு மேலும் 12 நாள் விடுமுறை. "பிள்ளைக்கு டெங்குங்கிறதை விட நியாயமான காரணம் என்னம்மா இருக்கு?" என்றார்.

டாக்டர் சீட்டு, ஆஸ்பத்திரி பில் இரண்டையும் வைத்து, நான் எழுதிக் கொடுத்த லீவு லெட்டரின் தேதியையும் குறிப்பிட்டு மனு எழுதிக் கொடுத்தேன். நகல் ஒன்றை வைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த மாதச் சம்பளத்தோடு எட்டு நாள் பணத்தையும் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் கடையில் இன்னும் இரண்டு பெண்கள் இதேபோல் எழுதிக் கேட்டு வாங்கினார்கள். வாயால் சொல்லிவிட்டு வந்திருந்தால் இது நடந்திருக்காது.

மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு என்று தனியாகவே 2008ல் வந்துவிட்டது. மூத்த இரண்டு பிள்ளைகளுக்காக, அவர்களுக்கு 18 வயது ஆகும் வரை, மொத்த சர்வீசில் 730 நாள் எடுக்கலாம். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களுக்கும் 2018ல் இதைக் கொடுத்தார்கள். மனைவி இருக்கும் அப்பாவுக்குக் கிடையாது! இமாசலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவர், எலும்பு நோயுள்ள தன் மகனைப் பார்த்துக்கொள்ள இந்த லீவு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். பெண்கள் வேலையில் நீடிப்பது யாரோ தருகிற சலுகை இல்லை, அரசியல் சட்டப்படி அவசியம் என்று 2024 ஏப்ரலில் நீதிபதிகள் சொன்னார்கள். கடையிலும் மில்லிலும் நிற்கிற நமக்கு அந்த 730 நாளில் 10 நாளாவது கிடைக்காதா என்று ஏக்கமாக இருக்கிறது.

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். லீவை எழுதிக் கேளுங்கள். நகலும் டாக்டர் சீட்டும் பத்திரமாக இருக்கட்டும். வருஷக் கடைசி மழைக்காலத்துக்கு நாலைந்து நாள் லீவை மிச்சம் பிடித்து வையுங்கள். இன்றைக்கு நான், நாளைக்கு நீங்கள் என்று கணவரோடு பங்கு பிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று. என் மகள் படுத்திருந்தபோது, "பிள்ளையை விட்டுட்டு அப்படி என்ன சம்பாத்தியம்?" என்று கேட்டவர்களும் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவோ எதுவும் கேட்கவில்லை. நான் மருந்துக் கடைக்குப் போய்வரும் ஒரு மணி நேரம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார், ரசம் வைத்துக் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய உதவி தெரியுமா?

அதே அக்காவிடம் இன்னொன்றும் பார்த்தேன். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் தன் பையனுக்கு அம்மை போட்டதால் ஒரு வாரம் வரவில்லை. அக்கா ஒரு நாள் சம்பளம்கூடப் பிடிக்கவில்லை. "அவளும் அம்மாதானே" என்றார். நான் சொன்ன கடைச் சட்டமெல்லாம் வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு லீவு தரும் முதலாளி நாம்தான். நம் வீட்டு வாசலில் ஒரு தாய் வந்து, "பிள்ளைக்கு முடியலைம்மா" என்று சொல்லும்போது, நம் வாயில் இருந்து என்ன பதில் வருகிறது? கொஞ்சம் யோசியுங்கள், சகோதரிகளே!

— ஒரு வாசகி, மதுரை.