‘டா’ யாருக்கு? – ‘மனுசங்கடா’ பாடலை முன்வைத்துச் சில குறிப்புகள்

2023இல் விராலிமலையில் நடந்த ஒரு கலை இரவில் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலைப் பாடினோம். மேடையில் ஐந்து பேர். நான் உட்பட நால்வர் ஊர்த்தெருக்காரர்கள். பறையடித்தவர் மட்டும் காலனியிலிருந்து வந்தவர். நல்ல கைதட்டல். மேடையைப் பிரிக்கிறபோது காலனிப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். “பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அந்த ‘டா’வ யாரப் பாத்துப் போட்டீங்க?” என்றார். எனக்கு வாய் வரவில்லை. இக்கட்டுரை அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்.

‘அடா’ வெறும் விளிச்சொல் என்று இலக்கணம் சொல்லிவிட்டுப் போய்விடும். ஊரின் இலக்கணம் வேறு. தலைநரைத்த தலித் முதியவரை ஊர்த்தெருச் சிறுவன் ‘டா’ போட்டுக் கூப்பிடுவான். அவர் அவனைச் ‘சின்னய்யா’ என்பார். மக்களெல்லாம் உயர்திணை என்றார் தொல்காப்பியர். சாதியோ அந்தத் திணைக்குள்ளேயே வேலி போட்டது. இப்பின்னணியில் வைத்துத்தான் பாடலின் தலைப்புச் சொல்லை வாசிக்க வேண்டும். ‘மனுசங்க’ என்பது உரிமைகோரல். கூட ஒட்டியிருக்கிற ‘டா’, அக்கோரல் விண்ணப்பமாகிவிடாமல் தடுக்கிறது. மனுக் கொடுக்கிறவன் ‘டா’ போட மாட்டான். காலங்காலமாக மேலிருந்து கீழே விழுந்த ஒரு சொல், இங்கே திருப்பி எறியப்படுகிறது.

இன்னொன்று, பாடல் ‘நாம’ என்று பேசுவதில்லை, ‘நாங்க’ என்று பேசுகிறது. ‘நாம்’ கேட்பவனையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். ‘நாங்கள்’ அவனை எதிரே நிறுத்தும். ஆக, இப்பிரதிக்குள் ஒரு ‘நீங்க’ எப்போதும் உண்டு. அது யார் என்பதுதான் பெரியவரின் கேள்வி.

வரலாறு தெரிந்ததே. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தண்டிக்கப்பட்ட மிராசுதார்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். அந்தத் தீ பாடலுக்குள் எரிகிறது. குளப்பாடிக் கிணற்றுத் தண்ணீரும் வருகிறது. ஆண்டைகளோடு அது நின்றுவிடவுமில்லை. ஊர்வலத்துக்கும் சுவரொட்டிக்கும் ஆள்பிடிக்கிற கட்சி அரசியலையும் விசாரிக்கிறது. அதாவது, பாட்டுப் பாட மேடை போட்டுத் தருகிறவர்களும் ‘நீங்க’வுக்குள் அடக்கம்.

அதே 1968இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இரண்டு தொழிலாளர்கள் செத்ததுதான் உடனடிக் காரணம். அவர்கள் ஏந்திய அட்டைகளில் இருந்த வாசகத்தின் பொருள், ‘நான் ஒரு மனிதன்’. எந்த வயதுக் கறுப்பு ஆணையும் ‘பையா’ என்றே அழைத்த சமூகத்துக்கு அது பதில். அவர்களுக்கு ஆதரவாக அந்நகருக்கு வந்திருந்தபோதுதான், ஏப்ரல் 4 அன்று, மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு சனங்கள் ஒரே சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மனிதன் என்பதை நிரூபிக்கச் சொல்லும் அதிகாரம் எங்கும் ஒரே மாதிரிதான் விளிக்கிறது.

இனி, ‘நாங்க’ என்று சொல்ல யாருக்கு உரிமை? கீழக்கரையில் சாகுல் அமீதாகப் பிறந்து, சென்னை நியூ கல்லூரியில் தமிழ் கற்பித்த இன்குலாப் தலித் அல்லர். அவர் ஏட்டில் அது தோழமையின் குரல். மெட்டமைத்துப் பாடிய கே.ஏ. குணசேகரனோ தலித், ‘தன்னானே’ கலைக்குழுவை நடத்தியவர், ‘வடு’ என்ற தன்வரலாற்றை எழுதியவர். அவர் தொண்டையில் அதே ‘நாங்க’ வாக்குமூலமாகிறது. எழுதியவர் சொல்லைக் கொடுத்தார், அதற்குச் சொந்தக்காரர் பாடினார். இருவரும் 2016இல், ஒருவர் சனவரியிலும் மற்றவர் டிசம்பரிலும் மறைந்தார்கள்.

பாடல் மறையவில்லை. தகப்பனின் பிணத்தைப் பொதுவழியில் கொண்டுபோகப் போராடும் தலித் இளைஞனைப் பற்றிய தம் படத்துக்கு (2017) அம்ஷன் குமார் இத்தலைப்பையே வைத்தார். இன்குலாபுக்கு 2017ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதெமி விருதை அவர் குடும்பம் ஏற்க மறுத்தது. 2018இல் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராக்கையும் சேர்த்து மேடையேறியபோது, தங்கள் ‘நாங்க’வைப் பாட இளைஞர்கள் எவரையும் எதிர்பார்க்கவில்லை.

இதற்கு மாறான ஒரு தொடர்ச்சியும் உண்டு. அது என்னைப் போன்றவர்களுடையது. கூட்டம் தொடங்குமுன் ஆள் சேர்க்க ஒரு பாட்டு. பாடப்பாட ‘நாங்க’ மெல்ல ‘நாம’ ஆகிவிடுகிறது. பாடுகிற நமக்கு மனசு லேசாகிறது. அந்த லேசுதான் ஆபத்து.

2022 டிசம்பர் கடைசியில், இதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2025 சனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அக்குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே இருந்தது. பல கட்சிகளும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. வழக்கு கிடக்கட்டும். 2023இல் அந்த மேடையில் நாங்கள் பாடியபோது தொட்டி விவகாரம் ஊரெல்லாம் பேச்சு. எங்கள் தெருத் திண்ணையில் அதைப் பற்றி எகத்தாளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையில் அத்தனை ‘டா’ போட்ட நான், திண்ணையில் ஒரு ‘டா’ போடவில்லை. சொந்தக்காரர்கள், பெரியவர்கள் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

ஊர்த்தெருக்காரன் இப்பாடலைப் பாடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாடும்போது அது தன்னை நோக்கி வருவது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் அடுத்த நாள் திண்ணையில் அவனால் சும்மா உட்கார முடியாது.

அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால் சொல்ல வேண்டும்: அது எனக்கும் எங்கள் தெருவுக்கும் போட்ட ‘டா’தாங்கய்யா. பாடும்போது எனக்குத் தெரியாமல் போச்சு.