நகருக்கு வெளியே ஒரு வீடு: எந்த ஊர் உகந்தது?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றனர் நம் முன்னோர். இன்று அவர்கள் இருந்திருப்பின், "கொழும்பைச் சூழ்ந்த ஊர்களில் ஒரு துண்டு காணி தேடிப் பார்" என்பதையும் அதனுடன் சேர்த்திருப்பர். வெள்ளவத்தையில் நெடுங்காலம் வாடகைக்கு வாழ்ந்த நாம், சேமலாப நிதியும் இல்லாளின் நகைகளுமாய்த் திரண்ட சிறு தொகையை நம்பி, ஐந்து மாத காலம் ஞாயிறு தோறும் அலைந்தோம். அவ்வலைச்சலிற் கற்றவற்றை, இதே முயற்சியில் இறங்கவிருக்கும் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பது பயன்தரும் என எண்ணுகிறோம்.

யாழ்ப்பாணத்திலே பரப்புக் கணக்கிற் காணி பேசிப் பழகியவர்களுக்குக் கொழும்புக் கணக்கு முதலில் திகைப்பைத் தரும். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஊரிலே நான்கு பரப்பைச் சிறு வளவு என்போம். இங்கோ ஆறேழு பேர்ச் கிடைத்தாலே பெரும்பேறு. எனவே பலரும் ஒரு பேர்ச்சின் விலையை மட்டும் ஒப்பிட்டு ஊரைத் தெரிவு செய்கின்றனர். நாமும் அந்தத் தவற்றையே முதலிற் செய்தோம்.

தெற்கும் தென்கிழக்கும்

தெற்கே காலி வீதியை ஒட்டித் தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை என ஊர்கள் தொடர்கின்றன. கரையோரப் புகையிரதப் பாதை இவற்றின் பெரும் பாக்கியம். வீதி நெரிசலால் திணறும் வேளையிலும் புகையிரதம் தன்வழியே செல்லும். கோயிலும், தமிழ்க் கடைகளும், உறவினரும் அண்மையில் இருப்பதால் தெஹிவளையை நம்மவர் பெரிதும் விரும்புவர்; விலையும் அதற்கேற்ப உயர்ந்தே நிற்கும். தெற்கு நோக்கிச் செல்லச் செல்ல விலை தணியும். ஆனால் கடலுக்கு மிக அண்மையிலுள்ள வீடுகளில் உப்புக்காற்று இரும்புக் கம்பிகளை அரித்துவிடும் என்பதை மறத்தலாகாது.

தென்கிழக்கே ஹைலெவல் வீதியில் நுகேகொடையும் மகரகமையும் உள்ளன. கடைத்தெரு வசதிக்குக் குறைவில்லை. களனிவெளிப் புகையிரதம் இவ்வழியே செல்கிறது. முன்னர் ஒடுங்கிய பாதையாயிருந்த அது 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. எனினும் ஒற்றைத் தண்டவாளமாதலால் கரையோரப் பாதையின் வசதியை அதனிடம் எதிர்பார்த்தல் இயலாது.

வடக்கே வத்தளை

களனி கங்கையைக் கடந்தால் நீர்கொழும்பு வீதியில் வத்தளை. புறக்கோட்டையில் வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கும் ஹெந்தளையிலும் வாழ்கின்றன. 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா அதிவேகப் பாதை பேலியகொடையில் அருகே தொடங்குவதால், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு இவ்வூர் வசதியானது. ஆயினும் காலைவேளையில் கங்கையைக் கடந்து நகருக்குள் நுழைவது பொறுமையைச் சோதிக்கும் பயணமாகும்.

சுவரிற் கண்ட கோடு

இவ்வூர்களையெல்லாம் பார்த்துக் களைத்திருந்த வேளையில், நகருக்குக் கிழக்கே கொலன்னாவைப் பக்கம் ஒரு காணி மலிவாகக் கிடைத்தது. பத்துப் பேர்ச்! தரகர் முற்பணம் கேட்டு அவசரப்படுத்தினார். இல்லாள் மட்டும் அயல்வீட்டு மூதாட்டியுடன் பேச்சுக் கொடுத்தாள். அவ்வம்மையார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே அழைத்துச் சென்று, சுவரில் மார்பளவு உயரத்தில் மங்கிக் கிடந்த ஒரு பழுப்புக் கோட்டைக் காட்டினார். 2016 மே மாத வெள்ளம் வரைந்த கோடு அது! நாம் முற்பணம் கொடாமலே திரும்பினோம். பின்னர் 2025 நவம்பரில், டிட்வா புயலின்போது, களனி கங்கை மீண்டும் பெருகிய செய்தியைக் கேட்டபோது அந்த மூதாட்டியின் முகமே நினைவில் எழுந்தது.

அன்று முதல் உறுதியில் எழுதப்பட்ட காணியின் பெயரையும் நோக்கலானோம். 'வத்த' என முடிவது பெரும்பாலும் மேட்டுத் தோட்டம். 'கும்புற' என்பது வயல். 'தெனிய' என்பது ஈரமான பள்ளம். 'ஓவிட்ட' என்பது வயலோரத் தாழ்நிலம். மண் நிரப்பி மதில் எழுப்பினாலும் பழைய பெயர் உண்மையைச் சொல்லிவிடும். வயல் நிலமாயின், அதை நிரப்ப உரிய அனுமதி பெறப்பட்டதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

கணக்கிற் சேராத செலவு

மலிவான ஊரில் வாங்கி, போகும்போது ஒரு மணியும் வரும்போது ஒரு மணியும் மேலதிகமாக வழியிற் கழிப்பதாகக் கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள், ஆண்டில் ஐம்பது வாரம் எனின் 500 மணி நேரம். அதாவது ஏறக்குறைய 21 முழு நாட்கள்! பிள்ளைகளின் பாடத்தைக் கேட்கவும் முதியோருடன் அமர்ந்து பேசவும் உரிய நேரம் அன்றோ அது? அரசாங்கப் பாடசாலையில் முதலாம் வகுப்பு அனுமதிக்கு வீட்டின் அண்மையும் கணிக்கப்படுவதால், தமிழ்மொழிப் பாடசாலை எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதும் காணி விலையின் ஒரு பகுதியே.

உறுதியைப் பற்றி ஒரு சொல். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளுடன் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. விற்பவரின் நொத்தாரிசையே நம்பாமல், நமக்கென ஒருவரை அமர்த்தி, காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுப் பதிவுகளையேனும் தேடுவித்தல் நன்று. முத்திரைத் தீர்வையையும் நொத்தாரிசின் கூலியையும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்தலும் அவசியம்.

எனவே ஓர் ஊரை மும்முறை சென்று பாருங்கள்: வேலைநாட் காலை ஏழு மணிக்கு ஒருமுறை, அடைமழையில் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை. நாம் இறுதியில் இரத்மலானையில், ஓர் ஒழுங்கைக்குள், 'வத்த' எனப் பெயர்கொண்ட காணியில் ஏழு பேர்ச் வாங்கினோம். முற்றத்தில் ஒரு முருங்கைக்கே இடமுண்டு. ஆயினும் மகள் மூன்று புகையிரத நிலையங்கள் கடந்து தன் பழைய பாடசாலைக்கே செல்கிறாள். மழை இரவுகளில் நாம் நிம்மதியாக உறங்குகிறோம். பத்துப் பேர்ச்சை விட அது பெரிதென்றே இல்லாள் சொல்லுகிறாள், நாமும் மறுக்கவில்லை.