ஒரே டி.பி. மாத்திரை... ஒருத்தருக்கு குணம், ஒருத்தருக்கு கால் மரத்துப் போகுது! ஏன்?

ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டி.பி. மாத்திரை. ஒருவர் ஜம்முனு தேறி வருகிறார். இன்னொருவருக்கோ கை, கால் மதமதப்பு. 'மாத்திரை ஒத்துக்கலை' என்று பாதியில் நிறுத்தி விடுபவர்களும் உண்டு.

காரணம் ஜீன். 1952-ம் ஆண்டு முதல் டி.பி.க்கு தரப்படும் ஐசோனியாசிட் மருந்தை உடைத்து வெளியேற்றுவது, கல்லீரலில் உள்ள 'நாட்-2' என்ற என்சைம். அப்பா, அம்மாவிடம் இருந்து வரும் ஜீனைப் பொறுத்து, இது சிலருக்கு வேகமாகவும், சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும். மெதுவான ரகத்தினர் உடம்பில் மருந்து கூடுதலாக தங்குவதால் நரம்பு பாதிக்கலாம். கல்லீரலுக்கும் ஆபத்து அதிகம். தென்னிந்தியர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த ரகம்தான்.

வேகமான ரகத்தினருக்கு வேற சிக்கல். 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுகளில், வாரம் ஒரு முறை மட்டும் மருந்து தந்தபோது இவர்களுக்கு பலன் குறைந்தது. தினமும் சாப்பிட்டால் இந்த வித்தியாசம் பெரிதாக தெரிவதில்லை.

மதமதப்பைத் தடுக்க வைட்டமின் பி-6 மாத்திரை இருக்கிறது. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அடுத்த மாத்திரை போடும் முன் டாக்டரிடம் ஓடணும். மருந்தை மாற்றுவதா, நிறுத்துவதா என்று அவர்தான் சொல்லணும். நீங்களாக பாதியில் விட்டால், மருந்துக்கு அடங்காத டி.பி. கிருமி உருவாகி விடலாம், ஜாக்கிரதை!