இரண்டு முறை செத்துப் பிழைத்த போடி ரெயில்! 'ரெயில் பைத்தியம்' கணக்கருடன் ஒரு நாள்

வார லீவு கிடைத்தால் சிலர் சினிமாவுக்குப் போவார்கள். சிலர் நாள் முழுக்கத் தூங்குவார்கள். மதுரையில் ஜவுளிக்கடை கணக்கர் ஒருவர் ரெயில் பார்க்கப் போகிறார்! அதுவும் சின்னச் சின்ன ஊராகத் தேடிப் போகிறார்.

வயது 50-ஐத் தாண்டியவர். "பேரு போட்டுராதே தம்பி. முதலாளி பேப்பர் படிப்பாரு" என்றார்.

அவருடன் காலையில் மதுரையில் கிளம்பும் போடிநாயக்கனூர் பாசஞ்சரில் நானும் ஏறினேன்.

யுத்தம் தின்ற தண்டவாளம்

மதுரை - போடி 90 கிலோ மீட்டர். 1928-ல் இங்கே மீட்டர்கேஜ் ரெயில் விட்டார்கள். 2-வது உலக யுத்தம் வந்தது. இரும்புக்குத் தட்டுப்பாடு. 1942-ல் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது வெள்ளைக்கார சர்க்கார்! சுதந்திரம் வந்த பிறகு 1954-ல்தான் மறுபடி ரெயில் ஓடியது.

2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மீண்டும் நிறுத்தினார்கள். 1 மீட்டர் பாதையை 1.676 மீட்டர் ஆக்க வேண்டும். தண்டவாளத்தைத் தள்ளிப் போட்டால் மட்டும் போதாது. பாலம் மாற வேண்டும். மலையை வெட்டிய இடமும் அகல வேண்டும். 2022 மே 26-ந்தேதி தேனி வரை ரெயில் வந்தது. பாக்கி 15 கிலோ மீட்டர் தாண்டி போடிக்கு வந்தது 2023 ஜூன் 15-ந்தேதி.

பன்னிரண்டரை வருஷம்! ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, ஊரில் ரெயிலைப் பார்க்காமலே பிளஸ்-2 முடித்திருக்கும்.

உசிலம்பட்டி தாண்டியதும் கணக்கர் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆண்டிபட்டி கணவாய் வந்தது. "பழைய வண்டி இதிலே முக்கி முனகி ஏறும். இப்ப பாரு, சும்மா போகுது!"

தேனியில் கூட்டம் இறங்கியது. கணக்கர் முகம் வாடியது. சட்டைப்பையில் இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பெட்டி பெட்டியாகப் போய் தலைகளை எண்ணி எழுதினார்!

"எதுக்குண்ணே இது?"

"தரங்கம்பாடி போயிருக்கியா? மயிலாடுதுறையில இருந்து 1926-ல போட்ட லைன். நட்டம்னு 1986-ல மூடிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் வரலை. வழியில திருக்கடையூர் கோயிலுக்கு எத்தனை ஜனம் போகுது! எல்லாம் பஸ்சும் காரும்தான். இங்கேயும் ஆள் ஏறலைன்னா?"

போடி ஸ்டேஷனில் பாதை முடிகிறது. எதிரே மலை. இந்த மலைக்கு மேலேதான் ஏலக்காய்த் தோட்டங்கள். விடிகாலையிலேயே தோட்டக்கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு போய்விடும். நம்ம பாசஞ்சர் வந்து சேரும்போது அவர்கள் பாதி நாள் வேலை பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு இந்த வண்டியால் என்ன பிரயோஜனம்? சென்னை ரெயிலோ வாரத்தில் 3 நாள்தான்.

சாயங்காலம் திரும்பினோம். பெரிய பையுடன் ஸ்டேஷன் பக்கமாக நடந்த ஒருவரை கணக்கர் மறித்தார்.

"மதுரைக்கா? ரெயில் நிக்குதே!"

"பஸ்சுன்னா நினைச்ச நேரத்துக்கு உண்டுங்க" என்று அவர் போய்விட்டார்.

வண்டி கிளம்பியது. கணக்கர் மறுபடி நோட்டும் கையுமாக எழுந்தார். தேனி வந்தது. திபுதிபுவென்று கூட்டம் ஏறியது. ஒரு பெட்டி எண்ணினார். அடுத்த பெட்டியில் நுழையவே இடம் இல்லை. நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கதவோரமாக மதுரை வரை நின்றுகொண்டே வந்தார்.