உறக்கத்தை விலை பேசும் மாத்திரை!

தம்பி,

கடத்தூர் கடைத்தெருவிலே, இரவு லாரி ஓட்டும் தோழர் ஒருவர் என்னைக் கேட்டார்: "கள்ளா, சாராயமா? டாக்டர் எழுதித் தருகிற விழிப்பு மாத்திரைதானே, அண்ணே! அதிலே என்ன கேடு?" நியாயமான கேள்விதான். பதிலை ஜப்பான் சொல்லட்டும்.

மெத்தாம்பெட்டமின் என்னும் மருந்தை 1893இல் உருவாக்கியவர் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி. 1941இல் அது 'பிலோபான்' என்ற பெயரிலே கடைக்கு வந்தது. போர்க்காலம்! படைவீரன் விழித்திருக்க வேண்டும். ஆயுத ஆலைத் தொழிலாளி இரவிலும் ஓயக்கூடாது. கொடு மாத்திரையை! போர் முடிந்தது, தேங்கிய சரக்கு ஊருக்குள்ளே பாய்ந்தது. சோர்வை மறக்க ஏழை மருந்தை வாங்கினான். பிறகு மருந்து அவனை வாங்கிக்கொண்டது! 1951இல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வந்தும் என்ன? 1954ஆம் ஆண்டில் மட்டும் கைதானவர்கள் 55,000 பேருக்கு மேல்!

மாத்திரை புதுப் பலம் எதையும் தருவதில்லை, தம்பி. மூளையிலே டோபமின் என்ற பொருளைப் பெருக்கிக் களைப்பை மறைக்கிறது, அவ்வளவுதான். மறைந்த களைப்போ கந்துவட்டிக்காரனைப்போல வாசலிலே காத்திருக்கும். இன்று ஒன்று போதும். நாளை இரண்டு கேட்கும். நிறுத்தினால் வெறுமை; மிஞ்சினால், இல்லாத பகைவன் கண்ணுக்குத் தெரிவான்.

மருந்தே ஆகாது என்கிறேனா? இல்லை. கவனம் நிலைக்காத நோயுள்ள பிள்ளைகளுக்கு, மருத்துவர் அளந்து கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் நற்பயன் தருகிறது. ஆனால் அதைச் சட்டம் 'எக்ஸ்' அட்டவணையிலே வைத்திருக்கிறது. மருந்துச்சீட்டு இரண்டு படிகள் வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டாண்டு பாதுகாக்க வேண்டும். இத்தனை காவல், பிள்ளையின் மாத்திரையை அப்பன் இராப் பயணத்துக்கு எடுத்துப் போவதற்கா?

தொப்பூர்க் கணவாயிலே நள்ளிரவில் பாரவண்டியை இறக்குகிறவனுக்கு விழிப்பு வேண்டும், ஒப்புகிறேன். ஆனால், மூன்றாவது இரவும் அவனே ஏன் விழித்திருக்கிறான்? 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. ஏட்டிலே எட்டு; ரோட்டிலே எத்தனை? ஓட்டுகிறவனைக் கேள்! மாத்திரையைப் பழிக்கும் கனவான்கள் இந்தக் கணக்கைக் கேட்டதுண்டா?

உன் கிளையிலே பழக்கத்தில் சிக்கிய தோழன் இருந்தால் ஏளனம் செய்யாதே. 14446 என்ற போதைமீட்பு உதவி எண்ணைச் சொல்; அரசு மருத்துவமனைக்கு நீயே அழைத்துப் போ. அந்த வாரம் அவன் வண்டிக்கு மாற்று ஓட்டுநர் கேட்டு முதலாளி வாசலிலே நிற்பது சங்கத்தின் வேலை.